வன்னிச் சந்திகளுக்குச் சுற்றுவட்டம் பொருந்துமா?

(கிளிநொச்சியில் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, சங்கப் பிரதிநிதிகளே, இந்த வெயிலிலும் வந்திருக்கும் ஓட்டோச் சங்கத் தம்பிமாரே, அனைவருக்கும் வணக்கம்.

ஏ9 வீதியில் ஒரு பெரிய விபத்து நடந்தால், ஒரு கிழமைக்கு நாங்கள் எல்லோருமே வீதிப் பொறியியலாளர்தான். "இதிலே கலர் லைட் போட வேணும்" என்பார் ஒருவர். "வேகத்தடை காணும்" என்பார் இன்னொருவர். சுற்றுவட்டம் கேட்பவர் குறைவு. கேட்பவரிலும் பாதிப்பேர், நடுவில் யாருடைய சிலையை வைப்பது என்பதில்தான் அக்கறையாக இருக்கிறார்கள்.

முதலில் சாதாரண நாற்சந்தியை எடுப்போம். நான்கு பக்கத்திலிருந்தும் நேரே போகிறவர், இடப்பக்கம் திரும்புகிறவர், வலப்பக்கம் திரும்புகிறவர் என்று எல்லோருடைய பாதையையும் ஒரு தாளில் கீறிப் பாருங்கள். கோடுகள் பிரிகிற, சேருகிற, வெட்டுகிற புள்ளிகள் மொத்தம் 32 வரும். அவற்றில் 16 புள்ளிகளில் ஒன்றின் குறுக்கே மற்றது போகிறது. சந்திகளில் உயிர் போவது பெரும்பாலும் அந்தப் பதினாறில்தான். பக்கவாட்டில் வந்து இடிப்பது, வலப்பக்கம் திரும்புகிறவர் மேல் எதிரே வந்தவர் ஏறுவது எல்லாம் அங்கே நடப்பவை. அதே இடத்தில், ஒரு வாகனம் மட்டும் சுற்றிப் போகும் அகலத்தில் வட்டம் போட்டால் 32 எட்டாகிவிடும். குறுக்கே வெட்டும் புள்ளி ஒன்றுகூட மிஞ்சாது. எல்லோரும் ஒரே திசையில், மணிக்கூட்டு முள் போகிற பக்கமாகச் சுற்றி, இடப்பக்கமாக வெளியேறுகிறார்கள்.

முச்சந்தியில் லாபம் சிறியது. புளியங்குளத்தில் நெடுங்கேணி வீதி பிரிவதுபோன்ற இடத்தில் 9 புள்ளி 6 ஆகும், அவ்வளவுதான். மாங்குளமும் பரந்தனும் வேறு கதை. மாங்குளத்தில் கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே துணுக்காய், மல்லாவிப் பக்கமும் வீதி போகிறது. பரந்தனில் ஒரு பக்கம் விசுவமடு, புதுக்குடியிருப்பு, மறுபக்கம் பூநகரி. கொழும்பிலிருந்து விடிய விடிய ஓடிவரும் பஸ்ஸும், வயலிலிருந்து நெல்லேற்றிக்கொண்டு வரும் உழவு இயந்திரமும் சந்திக்கிற இடங்கள் இவை. இரண்டின் வேகத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

வேகம்தான் இதில் பெரிய விஷயம். மோதலின் அடி வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. மணிக்கு 70 கிலோமீற்றரில் வரும் வாகனம், 30 இல் வருவதைவிட ஐந்து மடங்குக்கும் மேலான சக்தியைக் கொண்டுவந்து இறக்குகிறது. நேரான வீதியில் "மெதுவாகச் செல்க" என்று பலகை நட்டால் யார் பார்க்கிறார்கள்? ஒழுங்காகக் கட்டிய வட்டத்தில் வேகத்தைக் குறைக்க அந்தப் பலகையை நம்பியிருக்கத் தேவையில்லை. வளைவே சாரதியின் காலைப் பிரேக்கில் வைக்கும். வேகமாக வந்தால் நடுத்திட்டின் கட்டுக்கு மேல் ஏற வேண்டிவரும் என்று அவருக்கே தெரியும்.

அமெரிக்காவில் சாதாரண சந்திகள் 24 சுற்றுவட்டமாக மாற்றப்பட்ட பிறகு செய்த ஆய்வு 2001 இல் வெளியானது. மொத்த விபத்துகள் 38 சதவீதம் குறைந்தன. காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 76 சதவீதம் குறைந்தன. மரணமும் படுகாயமும் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டார்கள். இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுற்றுவட்டத்திலும் ஆட்கள் பிழை விடுகிறார்கள், பக்கக் கண்ணாடி உடைகிறது, பம்பர் நெளிகிறது, நடுவீதியில் நின்று ஏச்சுப் பேச்சும் நடக்கிறது. ஆனால் அநேகமாக எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள்.

சரி, வட்டம் போட்டால் போதுமா? போதாது. நியூயோர்க்கில் 1905 இலேயே கொலம்பஸ் வட்டம் வந்துவிட்டது. அந்தக் காலத்து வட்டங்கள் பலவற்றில் உள்ளே நுழைகிறவருக்குத்தான் முன்னுரிமை. வாகனங்கள் கூடக்கூட வட்டம் நிரம்பி, உள்ளே நிற்பவர் வெளியேற முடியாமல் மொத்தமாக இறுகிவிடும். பிரித்தானியா 1966 இல் அந்த விதியைத் திருப்பிப் போட்டது: சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதல் உரிமை, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். நவீன சுற்றுவட்டம் பிறந்தது அந்த ஒரு விதியில்தான். நமது நாட்டில் அதன் பொருள், வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு இடம்விடுவது. சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையில் எல்லோரும் இதைச் சரியாகத்தான் எழுதுகிறார்கள்.

அடுத்தது வடிவம். சந்தியின் நடுவில் ஒரு சின்னத் திட்டைக் கட்டி வெள்ளை பூசிவிட்டு, வரும் வீதிகளை நேராகவே விட்டால் அது சுற்றுவட்டம் ஆகாது. மோதுவதற்கு இன்னொரு பொருளை நடுவில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். நுழைவாயிலே வளைந்து வர வேண்டும். அங்கே வரும் வாகனத்தையும் போகும் வாகனத்தையும் பிரிக்கும் ஒரு பிரிதிட்டு வேண்டும். அதில் நின்றால் பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு நேரத்தில் ஒரு திசை வாகனத்தை மட்டும் பார்த்துக் கடக்கலாம். நடுத்திட்டைச் சுற்றி, பெரிய சில்லு ஏறி இறங்கக்கூடிய தாழ்ந்த கட்டும் தேவை. வெட்டு மெசின் ஏற்றிய லொறி அறுவடைக் காலத்தில் திரும்புவது அதன் மேலால்தான்.

சைக்கிள் விஷயத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 91 சுற்றுவட்டங்களை ஆராய்ந்தபோது, சைக்கிள்காரர் காயப்படும் விபத்துகள் 27 சதவீதம் கூடியிருந்தன. கார்க்காரருக்குக் கிடைத்த பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வட்டத்துக்குள்ளேயே ஓரமாகச் சைக்கிள் பாதை கீறிய இடங்கள்தான் மோசம். வெளியேறும் வாகனத்தின் குருட்டுப் பக்கத்தில் சைக்கிள் அகப்படுகிறது. காலையில் எத்தனை பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இங்கே கேட்பதானால், சைக்கிள் பாதை வட்டத்துக்கு வெளியே தனியாகப் போக வேண்டும் என்று சேர்த்தே கேளுங்கள். அந்தப் பாதை இல்லாத வரைபடத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

இன்னொரு தடை ரயில் பாதை. அது நம் பக்கம் பல இடங்களில் ஏ9 வீதியை ஒட்டியே ஓடுகிறது. பக்க வீதியில் கடவையின் கேற்றைப் பூட்டினால் வாகன வரிசை பின்னுக்கு நீண்டு வட்டத்துக்குள் புகும். ஒரு வாயில் அடைபட்டால் நான்கும் அடைபடும். இதைவிட ஆபத்து, வட்டத்துக்குள் நுழையக் காத்திருக்கும் வரிசை தண்டவாளத்தின் மேல் நிற்பது. கடவைக்கும் சந்திக்கும் போதிய இடைவெளி இல்லாத இடத்தில், கடவையோடு இணைத்து இயக்கும் சமிக்ஞை விளக்கே நல்லது. சுற்றுவட்டத்துக்காக வாதாட வந்தவன் இதைச் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

மற்றபடி விளக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் போனால் சமிக்ஞை விளக்கு வெறும் கம்பம். வட்டம் அப்போதும் வேலை செய்யும், ஆனால் இரவில் அது கண்ணில் பட வேண்டும். மாங்குளத்துக்கு இங்காலேயும் அங்காலேயும் காட்டுக்குள்ளால் இருட்டில் ஓடிவரும் சாரதிக்குத் திடீரென நடுவீதியில் ஒரு திட்டு என்றால் அது கொலைப்பொறி. தூரத்திலேயே எச்சரிக்கைப் பலகை, ஒளி தெறிக்கும் அடையாளங்கள், வீதி விளக்கு மூன்றும் மதிப்பீட்டில் முதலிலேயே இருக்க வேண்டும். "பிறகு பார்ப்போம்" என்று விடும் செலவு இதுவல்ல.

என் நேரம் முடிந்துவிட்டது. வரைபடத்தைப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். டிப்பர், லொறி ஓட்டுகிற தம்பிமார் முதலில் வந்து, திரும்ப இடம் காணுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.