அவள் சொன்னதாக அவன் எழுதியது

வணக்கம். 1990களின் கடைசி, வீட்டுக்கு வீடு இன்டர்நெட் நுழைந்துகொண்டிருந்த நேரம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆண்களுக்கான பத்திரிகைகள் சக்கைப்போடு போட்டன. 'லோடட்' 1994இல் பிரிட்டனில் தொடங்கியது, 'மாக்சிம்' 1997இல் அமெரிக்காவுக்குப் போனது. பீர், கார், கால்பந்து, அரைகுறை உடையில் நடிகை, இவற்றுக்கு நடுவே அடிக்கடி தலைகாட்டியவள் ஏர் ஹோஸ்டஸ். இறுக்கமான சீருடையில் ஒரு மாடல், கூடவே 'வானத்து ரகசியங்கள்' பாணியில் பெயர் போடாத ஒரு வாக்குமூலம்.

படங்களைவிட அந்த வாக்குமூலம்தான் எனக்கு உறுத்தும். அந்த வித்தை பழசு. 1967இல் 'காபி, டீ ஆர் மீ?' என்றொரு புத்தகம் வந்தது, இரண்டு பணிப்பெண்களின் குறும்பு அனுபவங்கள் என்று சொல்லி விற்றார்கள், அமோகமாக விற்றது. அட்டையில் இருந்த இரண்டு பெயரும் பொய். எழுதியவர் டொனால்ட் பெய்ன், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்த ஆண்!

சரி, பத்திரிகைகளை மட்டும் திட்டி என்ன பயன்? விமானக் கம்பெனிகள் போட்ட பாதைதான் அது. 1978 வரை அமெரிக்காவில் விமானக் கட்டணத்தை அரசு வாரியம் நிர்ணயித்தது, டிக்கெட் விலையில் மோத முடியாதவர்கள் சாப்பாட்டிலும் பணிப்பெண்ணின் பாவாடை உயரத்திலும் மோதினார்கள். 1971இல் நேஷனல் ஏர்லைன்ஸ் விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்தபடி, "நான் செரில், ஃப்ளை மீ" என்றாள். அந்த இரட்டை அர்த்தம் தெரியாமல் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தப் பணிப்பெண் எப்போதும் கல்யாணமாகாதவளாக, இளமையாக இருந்ததும் தானாக நடந்ததில்லை. கல்யாணம் ஆனால் வேலை போய்விடும், அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 1953இலிருந்து 32 வயதானால் பறப்பதே முடிந்தது. அந்தப் பெண்கள் சண்டை போட்டு, வழக்கு நடத்தி இதையெல்லாம் உடைத்தார்கள். மாக்சிம் வந்த காலத்தில் கேபினில் அம்மாக்கள் இருந்தார்கள், ஐம்பது தாண்டியவர்கள் இருந்தார்கள், ஆண்களும் இருந்தார்கள். பத்திரிகை மட்டும் செரிலை விடவில்லை.

நிஜமான பணிப்பெண் ஒருவர் வாக்குமூலம் கொடுத்திருந்தால் சம்பளத்தைப் பற்றித்தான் முதலில் பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். அப்போது அமெரிக்காவில் அவர்களுக்கு விமானக் கதவு மூடிய பிறகுதான் சம்பளத்துக்கான மணிக்கணக்கு ஓடியது, நம் பெட்டியை மேலே திணிக்க மல்லுக்கட்டிய நேரத்துக்குக் காசு கிடைக்கவில்லை. 2022இல்தான் டெல்டா விமானக் கம்பெனி அதற்குப் பாதிச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது.