கரகரத்தால் நல்ல பாட்டாகிவிடுமா?

அடுத்தது உரும்பிராயில் இருந்து ஒரு தம்பி கேட்டது. “அண்ணை, போன காணொளியில் நீங்கள் புகழ்ந்த ‘ஃபன் ஹவுஸ்’ அல்பத்தைக் கேட்டேன். ஒரே இரைச்சல். என்ர போனிலேயே இதைவிடச் சுத்தமாகப் பதியலாம். இதில் அப்படி என்ன இருக்கு?”

வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி சொல்வது உண்மைதான், போனில் சுத்தமாகப் பதியலாம். ஆனால் இந்த அல்பம் கவனக்குறைவால் இப்படி வரவில்லை. நம்முடைய பழைய ஆட்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது தெரியும்: சத்தம்தான் கரடுமுரடு, வேலை கரடுமுரடில்லை.

‘ஃபன் ஹவுஸ்’ 1970இல் வந்தது. ஸ்டூஜஸ் என்ற அமெரிக்க ரொக் குழு, மிச்சிகன் பெடியள், பாடகர் இக்கி பொப். லொஸ் ஏஞ்சலிசில் நல்ல வசதியான ஸ்டூடியோ. ஒருவரின் சத்தம் மற்றவரின் மைக்குக்குள் போகாமல் ஆளுக்கொரு தடுப்புக்குள் இருந்து வாசித்தது இவர்களுக்குச் சரிவரவில்லை. அதனால் தடுப்புகளை எடுத்துவிட்டு, மேடையில் நிற்பதுபோல எல்லோரும் ஒன்றாக நின்று வாசித்தார்கள். இக்கி மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பாடினார். கிற்றார் சத்தம் ட்ரம்ஸ் மைக்குக்குள்ளும் போகும், போகட்டும் என்று விட்டார்கள். ஆனால் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். ‘லூஸ்’ என்ற பாட்டை மட்டும் 25 தடவைக்கு மேல். அந்தப் பதிவுகள் முழுவதும் 1999இல் 7 சீடிகளாக வந்தன. கேட்டுப் பாருங்கள், சோம்பேறிகள் செய்கிற வேலையா அது?

இன்னொரு சுவையான விஷயம். அந்த அல்பத்தின் தயாரிப்பாளர் டொன் கலூச்சி. இவர்தான் 1963இல் கிங்ஸ்மென் குழு ‘லூயி லூயி’ பதிந்தபோது கீபோர்ட் வாசித்தவர். அந்தப் பாட்டில் மைக்கை மேலே உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள், பாடகர் அண்ணாந்து கத்தினார். சொல் ஒன்றும் விளங்காது. ஆபாசமாக இருக்கிறது என்று அமெரிக்கப் புலனாய்வுத்துறையான எஃப்பிஐ வரைக்கும் முறைப்பாடு போய், அவர்களும் கேட்டுக் கேட்டு விளங்கவில்லை என்று விட்டுவிட்டார்கள்! கிற்றார் தனி வாசிப்பு முடிந்ததும் பாடகர் அவசரப்பட்டு முன்னுக்கே தொடங்கிவிடுவார், உடனே நிறுத்துவார், ட்ரம்ஸ்காரர் ஒரு உருட்டு உருட்டி அதை நிரப்புவார். அதை வெட்டாமல் அப்படியே வெளியிட்டார்கள். எனக்கு அந்தப் பாட்டிலேயே பிடித்த இடம் அதுதான். ஒருவர் தடுக்கி விழ மற்றவர் தாங்கிப் பிடிப்பது காதில் கேட்கிறது. தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் அது வராது.

உண்மையில், தம்பி, இந்தக் கேள்வியை நீங்கள் தவிலை வைத்துக் கேட்டிருக்க வேண்டும். 1975இல் மறைந்த தெட்சணாமூர்த்தியின் தவிலை நாம் இன்று கேட்பது பழைய பதிவுகளில்தான். சுத்தமில்லை என்று அவற்றை யாராவது தள்ளுவோமா?

எங்களிடம் ஒரு திருவிழாக் கசெட் இருந்தது. பெரியப்பா கோயில் வீதியில் நின்று பதிந்தது. கச்சான் விற்கிறவரின் குரல், சனத்தின் கதை, நடுவில் தவில். இரைச்சலை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது சனமும் இல்லை, கச்சான்காரரும் இல்லை. தவிலும் பாதிதான் இருந்தது. தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலையில், விரலில் மாட்டுகிற விரல்கூடு படும்போது சுரீர் என்று ஒரு வெட்டு விழுமே, அது மழுங்கிப் பொத்துப் பொத்தென்று கேட்டது. அந்த வெட்டும் கசெட் நாடாவின் உஸ்ஸென்ற இரைச்சலும் மேல் சுருதியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றை வழித்தால் மற்றதும் சேர்ந்து வந்துவிடும்.

ஆகவே வீட்டில் அப்படிக் கசெட் கிடந்தால், முதலில் ஒன்றும் செய்யாமல், இருக்கிறபடியே கணினியில் ஏற்றி ஒரு பிரதி வையுங்கள். இரைச்சல் எடுக்கிற விளையாட்டை வேறு பிரதியில் செய்யுங்கள். சரி, அடுத்த கேள்விக்கு வருவோம்.