பெயரை மறைத்தால் மட்டும் போதுமா?

அடுத்த கேள்வி. எழுத்தாளர்களுக்கு உதவித்தொகையும், ஒரு மாதம் தங்கி எழுத இடமும் கொடுக்கும் சிறிய அமைப்பை நடத்துகிற ஒருவர் கேட்கிறார்: "வாய்ப்பு எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் படைப்புகளில் பெயரை மறைத்துத்தான் நடுவர்களிடம் தருகிறோம். அப்படியும் வசதியும் தொடர்பும் உள்ளவர்களே தேர்வாகிறார்கள். இன்னும் என்ன செய்வது?"

பெயரை மறைத்தது நல்லதுதான். அமெரிக்காவில் பல இசைக்குழுக்கள் 1970களிலும் 80களிலும் தேர்வுக்கு வருகிறவர்களைத் திரைக்குப் பின்னால் அமர்ந்து வாசிக்கச் சொன்னன. வருகிறவர் ஆணா பெண்ணா என்பதைக் காலணிச் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று சில குழுக்கள் தரையில் கம்பளம்கூட விரித்தன. ஆனால், தேர்வு நாளன்று வந்து சேர முடிந்தவருக்குத்தானே திரை உதவும்? வரவே முடியாதவரை அது என்ன செய்யும்? எழுத்தில் கூடுதலாக ஒரு சிக்கல்: வட்டார வழக்கும் கதைக்களமுமே எழுதியவர் யார் என்பதைப் பாதி சொல்லிவிடும்.

ஆகவே நடுவர்களைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, உங்கள் விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுங்கள். இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் கேட்டிருப்பீர்கள். பேராசிரியரையோ பதிப்பாசிரியரையோ ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது அரைமணி நேர வேலை. தனியாக எழுதிக்கொண்டிருப்பவர் அந்த வரியிலேயே படிவத்தை மூடிவிடுவார். "இதுவரை பெற்ற விருதுகள்" என்று ஒரு கட்டம் இருக்கும். எதற்கு அது? பெற்றவருக்கே மறுபடியும் கொடுப்பதற்கா? நுழைவுக் கட்டணம் இருந்தால், தோற்கிறவர்களின் பணத்தில் வென்றவருக்குப் பரிசு தருகிறீர்கள் என்று பொருள்.

என்னை மிகவும் உறுத்துவது இன்னொன்று. "பயணச் செலவை நீங்கள் செய்யுங்கள், ரசீது அனுப்பினால் திருப்பித் தருகிறோம்" என்று கடிதத்தில் நாகரிகமாக எழுதுவார்கள். உண்மையில், கையில் காசில்லாத எழுத்தாளர் அமைப்புக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். பணம் திரும்பிவர இரண்டு மாதமும் ஆகலாம். முன்பணமாகக் கொடுத்துவிட்டுக் கணக்கைப் பிறகு கேட்பதில் அமைப்புக்குப் பெரிய நஷ்டம் எதுவும் வராது.

ஒரு மாதம் தங்கி எழுதுவதும் அப்படித்தான். கைக்குழந்தை உள்ளவர், படுத்த படுக்கையான தாயைப் பார்த்துக்கொள்பவர், விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருப்பவர், இவர்களெல்லாம் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். அதே தொகையை வீட்டிலிருந்தே எழுதவும் பெறலாம் என்று வைத்துப்பாருங்கள். யார் யாரெல்லாம் விண்ணப்பிக்கிறார்கள் என்று தெரியும்.

தரம் குறைந்துவிடாதா என்று நிர்வாகக் குழுவில் யாராவது கேட்பார்கள். அயர்லாந்து 2022-இல் தொடங்கிய கலைஞர்களுக்கான அடிப்படை வருமானத் திட்டத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள். தகுதி உள்ளவர்களை முதலில் உறுதிசெய்துகொண்டு, அவர்களிலிருந்து 2,000 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். ஆளுக்கு வாரம் 325 யூரோ. நீங்கள் முழுவதையும் குலுக்கலுக்கு விட வேண்டாம். ஆனால் இறுதிப் பட்டியலில் கடைசி இரண்டு இடங்களுக்கு மூன்று மணி நேரம் வாதாடும்போது பேசப்படுவது பெரும்பாலும் தரம் அல்ல, நடுவர்களின் ரசனை. அந்த இரண்டு இடங்களைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதில் தவறில்லை என்பது என் கருத்து.

நடுவர்களுக்கும் ஊதியம் கொடுங்கள், ஆட்களை மாற்றிக்கொண்டே இருங்கள். சேவையாகப் படிக்கச் சொன்னால், சும்மா படிக்க வசதி உள்ளவர்தான் வருவார்.

கடைசியாக ஒரு கணக்கு. தேர்வானவர்களை மட்டும் எண்ணாதீர்கள், விண்ணப்பித்தவர்களையும் எண்ணுங்கள். முதல் நூலுக்கு முயல்பவர்கள், பெருநகரத்துக்கு வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று, விருப்பம் இருந்தால் நிரப்பலாம் என்ற தனித்தாளில் கேளுங்கள். அது நடுவர் கைக்குப் போகக் கூடாது. அவர்கள் விண்ணப்பத்திலேயே குறைவாக இருந்தால் கோளாறு படிவத்திலும் அறிவிப்பு போய்ச்சேரும் வழியிலும் இருக்கிறது. நிறையப் பேர் விண்ணப்பித்தும் பட்டியலில் காணாமல் போனால், அப்போது நடுவர் குழுவைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.