பில்லிங் வரிசை ஏன் நகர மாட்டேங்குது?

[திரையில்: அடுத்தடுத்து இரண்டு கவுண்டர். ஒன்றில் டிராலி நிரம்பிய ஒரே ஆள். மற்றதில் கூடையோடு நாலு பேர்.]

ரெண்டு கவுண்டர் திறந்திருக்கு. முதல் கவுண்டர்ல ஒரே ஒருத்தர், ஆனா டிராலியில 60 பொருள். ரெண்டாவதுல நாலு பேர், ஆளுக்கு 8 பொருள்தான். நீங்க எதுல போய் நிப்பீங்க?

அந்த டிராலியைப் பார்த்ததுமே பலர் ஒதுங்கி, நாலு பேருக்குப் பின்னாடி போயிடுவாங்க. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பொருளை ஸ்கேன் பண்ண 3 விநாடின்னு வெச்சுக்கங்க. அது போக, ஒரே ஒரு பொருள் வாங்கினாலும் ஆள் ஒண்ணுக்குன்னு ஆகுற நேரம் ஒண்ணு இருக்கு. மெம்பர் நம்பர் கேக்கணும், தொகையைச் சொல்லணும், பணம் வாங்கணும், மீதி கொடுக்கணும், பில் கிழிச்சுத் தரணும். அதுக்கு ஒரு 40 விநாடி போடுவோம்.

[திரையில்: 40 + (60 × 3) = 220 விநாடி. அதன் கீழே: 4 × (40 + 24) = 256 விநாடி.]

டிராலிக்காரர் 220 விநாடியில முடிச்சுட்டுப் போயிடுவார். நாலு கூடைக்கு 256 விநாடி ஆகும். இத்தனைக்கும் அந்த நாலு பேரோட பொருளையும் சேர்த்தா 32தான். கடைக்குக் கடை இந்த எண்கள் மாறும், ஆனா கணக்கோட போக்கு மாறாது. அதனால வரிசையைத் தேர்ந்தெடுக்கும்போது முதல்ல தலையை எண்ணுங்க, அப்புறமா பொருளை எண்ணுங்க.

1974 ஜூன் 26ஆம் தேதி, அமெரிக்காவோட ஓஹையோ மாநிலத்துல டிராய்ங்கிற ஊர்ல, ஒரு சூயிங்கம் பாக்கெட்டை ஸ்கேன் பண்ணி வித்தாங்க. இன்னைக்குப் பொருள்கள்ல பார்க்குற கோடு போட்ட பார்கோடு (UPC) வழியா சூப்பர் மார்க்கெட்ல வித்த முதல் பொருள் அதுதான். அதுவரைக்கும் ஒவ்வொரு விலையையும் கேஷியர் கையாலதான் தட்டணும். பார்கோடு வந்ததும் பொருளுக்கு ஆகுற நேரம் சுருங்கிடுச்சு. ஆளுக்கு ஆகுற அந்த 40 விநாடியை பார்கோடால ஒண்ணும் பண்ண முடியல. அது நம்ம கையிலதான் இருக்கு. வரிசையில நமக்கு எரிச்சல் வர்ற இடங்களைப் பார்த்தீங்கன்னா, பாதிக்கு மேல ஸ்கேனர் சும்மா கிடக்குற இடங்களாத்தான் இருக்கும்.

"பர்ஸைத் தேட ஒரு 15 விநாடி தானே, என்ன குறைஞ்சுடப் போகுது?"ன்னு தோணலாம். இங்கதான் விஷயமே இருக்கு.

[திரையில்: ஒரு கவுண்டர், ஒரு கடிகாரம்.]

வரிசைகளைக் கணிதமா ஆராய்றது நூறு வருஷத்துக்கு மேலான துறை. டென்மார்க்ல தொலைபேசி நிறுவனத்துல வேலை பார்த்த எர்லாங், 1909ல தொலைபேசி அழைப்புகளை வெச்சு அதைத் தொடங்கினார். அந்தத் துறையோட ரொம்ப எளிமையான மாதிரிக் கணக்கை எடுத்துக்குவோம். ஒரே கவுண்டர். ஆளுக்குச் சராசரியா 2 நிமிஷம், அதாவது மணிக்கு 30 பேருக்கு பில் போடலாம். வர்றவங்க மணிக்கு 24 பேர், அதுவும் சீரா இல்லாம முன்னே பின்னே வர்றாங்க. இந்த நிலைமையில ஒருத்தர் வரிசையில சேர்ந்து பில்லோட வெளிய வர சராசரியா 10 நிமிஷம் ஆகும்.

இப்போ ஒவ்வொருத்தரும் பர்ஸைத் தேடி 15 விநாடி கூடுதலா எடுத்துக்குறாங்கன்னு வெச்சுக்கங்க. ஆளுக்கு 2 நிமிஷம் 15 விநாடி. வர்ற கூட்டம் அதே 24தான். ஆனா அந்தச் சராசரி 10லேருந்து இருபத்திரண்டரை நிமிஷமா ஏறிடும்! கவுண்டர் முழுத் திறனை நெருங்க நெருங்க, சின்னத் தாமதம்கூட அடுத்தவர் மேல, அதுக்கு அடுத்தவர் மேலன்னு ஏறிக்கிட்டே போகும். இடையில மூச்சு விட நேரமே கிடைக்காததால அது கரையவும் கரையாது. சாயங்காலக் கூட்டத்துல நடக்குறது இதுதான்.

சரி, கவுண்டர்ல நம்ம பொருளைக் கேஷியர்கிட்ட நகர்த்திட்டுப் போற பெல்ட்டுக்கு வருவோம்.

[திரையில்: பெல்ட்டின் முனையில் இருக்கும் சின்ன சென்சார், அருகில் காட்டப்படுகிறது.]

பெல்ட்டோட முனையில, கேஷியர் கைக்குப் பக்கத்துல, ஒரு ஒளிக்கற்றை குறுக்கே போகும். பொருள் வந்து அதை மறைச்சா பெல்ட் நின்னுடும், பொருளை எடுத்ததும் மறுபடி ஓடும். ஒரு பையோட வார் அதுமேல தொங்கினாலும் பெல்ட்டுக்குப் பொருள் வந்த மாதிரிதான். பின்னாடி 20 பொருள் காத்துக்கிட்டிருக்கும், பெல்ட் அசையாது, கேஷியர் எட்டி எட்டி எடுப்பாங்க. அதனால கைப்பை, துணிப்பை, குழந்தையோட கை எதுவும் அந்த முனையில வேண்டாம்.

பொருள் அடுக்குறதுல ஒரு ஒழுங்கு இருக்கு. கனமானதும் கெட்டியானதும் முதல்ல. அடுத்து டப்பாக்கள், பாக்கெட்கள். குளிர்ந்த பொருளெல்லாம் ஒரே இடத்துல. நசுங்குறது, உடையுறது கடைசியில. எந்த வரிசையில பெல்ட்ல வைக்கிறீங்களோ அதே வரிசையிலதான் பைக்குள்ள போகும். தலைகீழா வெச்சா, மறுமுனையில எல்லாம் வந்து சேர்ற வரைக்கும் பையில போடவே தொடங்க முடியாது. பெரும்பாலான கவுண்டர்ல அடுத்தவரோட பொருள் வர்றதும் அதே இடத்துக்குத்தான்.

ஒரே பொருள் பத்து வாங்கினா பத்தையும் சேர்த்து வைங்க. கேஷியர் ஒண்ணை ஸ்கேன் பண்ணி எண்ணிக்கையைத் தட்டிடலாம். நிறமோ வாசனையோ வேறன்னா பெரும்பாலும் பார்கோடும் வேற, அதை ஒவ்வொண்ணாத்தான் ஸ்கேன் பண்ணணும், "எல்லாம் ஒரே விலைதானே"ன்னு அவசரப்படுத்தக் கூடாது. விலை ஒண்ணா இருந்தாலும் இருப்புக் கணக்கு தப்பாயிடும்.

அலமாரியிலேயே பார்கோடை ஒரு பார்வை பார்த்துடுங்க. கிழிஞ்சிருந்தா, ஈரத்துல அழிஞ்சிருந்தா, மடிப்புல சுருங்கியிருந்தா ஸ்கேனர் படிக்காது. அப்போ கீழே இருக்குற எண்ணைக் கையால தட்டணும், அது பல பொருள்கள்ல 13 இலக்கம். கடைசி இலக்கம் மத்த 12லேருந்து கணக்கு போட்டு வர்ற சரிபார்ப்பு எண். ஒரு இலக்கம் தப்பாத் தட்டினாலும் கணினி ஏத்துக்காது, மறுபடி முதல்லேருந்து தட்டணும். பக்கத்துலயே நல்ல பார்கோடோட அதே பொருள் இருக்கும், அதை எடுத்தா தீர்ந்துச்சு.

எல்லாத்தையும் விட பெரிய தாமதம் எடை போடாத காய்கறி, பழத்தால வர்றது. எடைக்குத் தனி மேஜை இருக்குற கடையில, அங்க ஸ்டிக்கர் ஒட்டாம வந்தா பில்லிங்ல ஒண்ணும் பண்ண முடியாது. யாராவது திரும்ப ஓடணும். அதுக்குள்ள வரிசையே உங்களைப் பார்த்துக்கிட்டு நிக்கும்.

உங்க கடைசிப் பொருளுக்குப் பின்னாடி தடுப்புக் கட்டையை வைக்கிறது உங்க வேலை. கட்டை இல்லன்னா ஒரு முழ இடைவெளி விடுங்க.

[திரையில்: தொகை காட்டும் திரை. வாடிக்கையாளரின் கை பைக்குள் தேடுகிறது.]

பணம் கட்டுறதுக்கு வருவோம். தொகையைச் சொன்னதும்தான் பர்ஸ் ஞாபகம் வர்றது, இந்தத் தலைப்புலயே முதல் பரிசு வாங்குற பழக்கம். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நின்ன நேரமெல்லாம் வீண். ஸ்கேன் நடக்கும்போதே கார்டு கையில இருக்கணும், இல்ல போன்ல ஆப் திறந்திருக்கணும். சிக்னல் பலவீனமான கடையா இருந்தா, வரிசையில நிக்கும்போதே ஆப் திறக்குதான்னு பார்த்துக்கங்க.

மெம்பர் நம்பர், கூப்பன், தள்ளுபடிச் சீட்டு எல்லாத்தையும் முதல் பொருள் ஸ்கேன் ஆகும்போதே சொல்லிடுங்க. பணம் வாங்கி பில் முடிஞ்ச பிறகு அதுல எதையும் சேர்க்க முடியாத கடைகள் நிறைய. பில்லை ரத்து பண்ணி மறுபடி போடணும்னா, அது இன்னொரு வாடிக்கையாளர் வந்ததுக்குச் சமம்.

ரொக்கத்துல ஒரு நுணுக்கம் இருக்கு. கேஷியர் நீங்க கொடுத்த நோட்டைத் தட்டி, மீதி எவ்வளவுன்னு திரையில வந்த பிறகு, "இருங்க, சில்லறை இருக்கு"ன்னு நீட்டாதீங்க. அந்த நேரத்துல மனக்கணக்கு போட்டா மீதி தப்பாகும், கல்லாவுல குறைஞ்சா பதில் சொல்ல வேண்டியவங்க அவங்க. பணத்தை மாத்தி மாத்திக் கொடுத்துக் குழப்பி ஏமாத்துறதும் இப்படித்தான் தொடங்கும். அதனால ஒரு பரிவர்த்தனையை முடிச்சுட்டுத்தான் அடுத்ததுன்னு பழக்கியிருப்பாங்க. சில்லறை கொடுக்கணும்னா நோட்டோட சேர்த்து முதல்லயே கொடுங்க.

கார்டைச் செருகினா, எடுக்கலாம்னு மெஷின் சொல்ற வரைக்கும் உருவாதீங்க. பாதியில உருவினா பரிவர்த்தனை ரத்தாகி, முதல்லேருந்து தொடங்கணும்.

"இது வேண்டாம், எடுத்துடுங்க." ஸ்கேன் ஆகுறதுக்கு முன்னாடி சொன்னா ஒரு விநாடி வேலை. ஸ்கேன் ஆன பிறகு சொன்னா, பல கடைகள்ல சூப்பர்வைசர் வந்து அவரோட கார்டையோ சாவியையோ போட்டாத்தான் அந்தப் பொருள் பில்லுலேருந்து நீங்கும். ஏன் இவ்வளவு கெடுபிடி? பணத்தை வாங்கிட்டு, ஒரு பொருளை மட்டும் பில்லுலேருந்து நீக்கி, வித்தியாசத்தைப் பாக்கெட்ல போடுறது கல்லாத் திருட்டுல பழைய வழி. கேஷியரைக் கோவிச்சுப் பயனில்ல. வேண்டாம்னு வெச்ச பொருளைச் சாக்லேட் ரேக்ல சொருகிட்டுப் போறதும் வேண்டாம், கேஷியர் கையிலேயே கொடுத்துடுங்க. குளிர்ந்த பொருளா இருந்தா கட்டாயம். எவ்வளவு நேரம் வெளிய கிடந்துச்சுன்னு தெரியலன்னா அதைத் தூக்கித்தான் போடணும்.

[திரையில்: மூடியிருந்த கவுண்டரில் விளக்கு எரிகிறது. எல்லோரும் திரும்புகிறார்கள்.]

புதுக் கவுண்டர் திறந்தா யார் முதல்ல? கடைசியில நின்னவர் ஓடிப் போய் முதல் ஆளா நிப்பார். அவருக்கு இழக்க ஒண்ணுமில்ல, பெரும்பாலும் வழியும் காலியா இருக்கும். நியாயம்னு பார்த்தா, பெல்ட்ல பொருள் வைக்காதவங்கள்ல யார் முன்னாடி நிக்கிறாங்களோ அவங்கதான் போகணும். நல்ல கேஷியர், "அடுத்தது யாரு, நீங்க வாங்க"ன்னு ஆளைக் காட்டியே கூப்பிடுவாங்க. கூப்பிடலன்னா, பின்னாடி இருக்குறவர் முன்னாடி இருக்குறவர்கிட்ட "நீங்க போறீங்களா?"ன்னு கேட்டா போதும். சண்டையில பாதி அங்கேயே போயிடும்.

இடம் பிடிச்சு வைக்கிற பழக்கத்துல என் தீர்ப்பு கொஞ்சம் கறார். பொருளோட ஒருத்தர் நிக்கிறார், கூட வந்தவர் மறந்த ஒண்ணை எடுத்துட்டு வந்து சேர்றார், சரி. கையில ஒண்ணுமில்லாம ஒருத்தர் நின்னு, கடைசி நிமிஷத்துல முழு டிராலி வந்து சேர்ந்தா, அது வரிசையில நுழையுறதுதான். குடும்பத்தோட வந்து ரெண்டு வரிசையில வரிசைக்கு ஒருத்தரா நின்னு, எது வேகமோ அதுல சேர்றதும் அப்படித்தான். மறந்த பொருளை எடுக்கப் போறதுன்னா பெல்ட்ல வைக்கிறதுக்கு முன்னாடி போங்க. வெச்சுட்டா விட்டுடுங்க. தவிர்க்க முடியலன்னா, "பில்லை ஹோல்டுல போடுங்க, அடுத்தவரைப் பாருங்க"ன்னு நீங்களே சொல்லிடுங்க.

ஒரே பொருளோட நிக்கிறவரை முன்னாடி விடுறது நல்ல மனசுதான். நம்ம கணக்குப்படி அது 43 விநாடி. ஆனா நீங்க கொடுக்குறது உங்க நேரத்தை மட்டும் இல்ல, பின்னாடி நிக்கிற எல்லாரோட நேரத்தையும். பின்னாடி திரும்பி ஒரு பார்வை பார்த்துட்டு விடுங்க, ஒருத்தரோட நிறுத்திக்கங்க.

யாராவது குறுக்கே நுழைஞ்சா, அவங்க கவனிக்கலன்னே எடுத்துக்கிட்டுப் பேசுங்க: "வரிசை அங்கேருந்து வருதுங்க." யாருக்கு முன்னாடி நுழைஞ்சாங்களோ அவங்க சொன்னா போதும். நாலு குரல் ஒண்ணா எழும்பினா, தெரியாம வந்தவங்ககூட வீம்பா நின்னுடுவாங்க.

பக்கத்து வரிசை மட்டும் வேகமாப் போகுதுன்னு தோணுறது பிரமை இல்ல. உங்க வரிசையையும் ரெண்டு பக்கத்து வரிசையையும் சேர்த்து மூணு இருக்கு, மூணும் ஒரே மாதிரின்னு வெச்சா, உங்களுது முதல்ல வர வாய்ப்பு மூணுல ஒண்ணுதான். எல்லாரும் ஒரே வரிசையில நின்னு காலியாகுற கவுண்டருக்குப் போற முறையில இந்தப் பிரச்சினையே இல்ல. ஒரு ஆள் தாமதம் பண்ணினா ஒரு கவுண்டர்தான் நிக்கும், வரிசை நகரும். அங்க ஒரே விதி, முதல் ஆளா நிக்கிறவர் போனைப் பார்க்கக் கூடாது.

[திரையில்: தானே பில் போடும் மெஷின். "பொருளை எடுத்து வையுங்கள்" என்று எழுத்து மின்னுகிறது.]

நீங்களே பில் போடுற மெஷின் நிறைய கடைகள்ல ஒரு தராசும்கூட. பை வைக்கிற மேடைக்குக் கீழே எடைக்கருவி இருக்கும். ஸ்கேன் ஆன பொருளோட எடையையும், மேடையில கூடின எடையையும் ஒப்பிட்டுப் பார்க்கும். சேரலன்னா பூட்டிக்கிட்டு ஊழியரைக் கூப்பிடும். சொந்தப் பை இருக்குன்னு திரையில அழுத்திச் சொல்லாம அதை வெச்சா, கையை ஊன்றினா, ரெண்டு பொருளை ஒண்ணா வெச்சா, நிரம்பின பையை முன்கூட்டியே தூக்கினா, எல்லாத்துலயும் இதுதான் கதை. ஒண்ணை ஸ்கேன் பண்ணு, ஒண்ணை வை, மெஷின் ஏத்துக்கிட்ட பிறகு அடுத்தது. மேடை சின்னது, அதனால முழு டிராலியோட அங்க போகாதீங்க. வயசு சரிபார்க்க வேண்டிய பொருள் இருந்தா, எப்படியும் ஊழியருக்குக் காத்திருக்கணும்.

கடைசியா பில். ஒவ்வொரு பொருளும் திரையில வரும்போதே விலையைப் பாருங்க. தப்பா இருந்தா அப்பவே சொன்னா திருத்துறது சுலபம். பணம் கட்டின பிறகு கண்டுபிடிச்சா, டிராலியை ஓரமா நகர்த்திட்டு, பில்லோட வாடிக்கையாளர் உதவி மேஜைக்குப் போங்க. பணம் திருப்பித் தர்ற அதிகாரம் பெரும்பாலும் அவங்ககிட்டதான் இருக்கும், கேஷியர்கிட்ட இல்ல.