எதில் நாம் கெட்டிக்காரரோ, அதில்தான் கர்த்தரை நம்புவதில்லை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சத்தம் சரியாகக் கேட்கிறதா? பக்கத்து வீட்டில் மாவு அரைக்கிறார்கள். கிரைண்டர் நிற்கட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கு வீடியோ வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுயபலத்தை விடு, கர்த்தரை நம்பு என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். ஆமென் சொல்கிறோம். வீட்டுக்கு வந்த பிறகு எதை விடுவது என்றுதான் தெரியவில்லை. வேலைக்குப் போவதை விடுவதா? சீட்டுக் கட்டுவதை விடுவதா? மாத்திரையை நிறுத்துவதா? மாத்திரையை நிறுத்தாதீர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிடிபட்ட பதில் ஜார்ஜ் முல்லரின் வாழ்க்கையில் இருக்கிறது. பிரிஸ்டல் நகரத்து அனாதைப் பிள்ளைகளை வளர்த்தவர். பிள்ளைகள் காலியான மேஜையில் உட்கார்ந்திருக்க, ரொட்டிக்காரர் வந்து கதவைத் தட்டுவாரே, வாசலில் பால் வண்டி உடைந்து நிற்குமே, அந்தக் கதையை நான் சொல்லப்போவதில்லை. கன்வென்ஷன் பந்தலில் உட்கார்ந்த எல்லாரும் அதைக் கேட்டிருப்பீர்கள். அதைவிட, அவர் வாலிபத்தில் செய்த திருட்டுத்தனம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முல்லர் 1805இல் பிரஷ்யாவில், இப்போதைய ஜெர்மனியில், பிறந்தவர். அப்பா அரசாங்க வரி வசூலிப்பவர். பத்து வயது ஆகும் முன்பே, அப்பா வசூலித்து வைத்த பணத்தில் கை வைத்தார். பதினாறு வயதில் விடுதிகளில் தங்கிச் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவப் பார்த்து, சில வாரங்கள் சிறையில் இருந்தார். அப்புறம் நார்ட்ஹவுசன் ஊரில் படித்தபோது ஒரு வேலை செய்தார் பாருங்கள். அப்பா அனுப்பிய பணத்தை எல்லாம் செலவழித்துவிட்டு, தன் பெட்டியின் பூட்டையும் கித்தார் பெட்டியின் பூட்டையும் தானே உடைத்தார். பயந்துபோனவர் மாதிரி தலைமையாசிரியர் அறைக்கு ஓடி, என் பணத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்றார். நண்பர்கள் பரிதாபப்பட்டு, போன பணத்தை அவர்களுக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஆக, இந்த மனிதருக்கு எது கைவந்த கலை? தன் தேவையை இன்னொருவர் மனம் உருகும்படி சொல்லிப் பணம் வரவைப்பது. இதை மறந்துவிடாதீர்கள்.

1825இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் அவர் மனம் மாறியது. ஹாலே என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியமில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்குவுக்குத் துணையாக நின்ற அதே ஹாலே. அங்கே பிராங்கே என்ற போதகர் நூறு வருஷத்துக்கும் முன்பு தொடங்கிய அனாதை இல்லம் இருந்தது. ஏழை மாணவர்களுக்காக அதில் இருந்த இலவச அறையில் முல்லரும் கொஞ்ச காலம் தங்கினார்.

பிறகு இங்கிலாந்து. டின்மத் என்ற சின்னக் கடலோர ஊரில் போதகர் வேலை, வருஷத்துக்கு 55 பவுண்டு சம்பளம். அந்தக் காலத்தில் அங்கே ஆலயத்தில் உட்காரும் இடத்துக்கு வாடகை வாங்குவார்கள், பணக்காரருக்கு முன்வரிசை. அந்த வாடகையில் வரும் சம்பளம் வேண்டாம் என்று 1830இல் சொல்லிவிட்டார். ஆலயத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள். விரும்பியவர் போடலாம். போடுங்கள் என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை, தேவை இருக்கிறது என்று சொல்வதும் இல்லை.

எல்லாப் போதகர்களும் சம்பளத்தை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பவுல் கூடாரம் செய்து சம்பாதித்தார், பிலிப்பியர் அனுப்பிய காணிக்கையையும் வாங்கிக்கொண்டார். முல்லர் விட்டது சம்பளத்தை மட்டும் அல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது. கைவந்த கலை என்றேனே, அதையே கீழே வைத்தார். பூட்டை உடைத்துக்கொண்டு அழுதவர், உண்மையாகவே கையில் காசில்லாத நாளிலும் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை காணிக்கை கொடுக்க நினைத்த ஒருவர், இப்போது உங்களுக்குப் பணத் தேவை இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டு எழுதினார். தேவை இருந்தது. ஆனாலும் நிலவரத்தைச் சொல்ல முடியாது என்று பதில் போட்டார்.

இதற்குள் ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்விதான். வருஷந்தோறும் அறிக்கை அச்சடித்து, ஜெபித்தோம், வந்தது என்று எழுதினாரே, அதுவே ஒரு விளம்பரம் இல்லையா? அந்தக் காலத்திலேயே அப்படிக் கேட்டவர்கள் உண்டு. பலன் அப்படியும் இருந்திருக்கும், நான் மறுக்கமாட்டேன். ஆனால் 1841 கடைசியில் என்ன செய்தார் என்று பாருங்கள். அறிக்கை வெளியிட்டுக் கூட்டம் நடத்தும் சமயம். கையில் பணம் மிகவும் குறைவு. இப்போது கூட்டம் போட்டால் மறைமுகமாகக் கேட்டதுபோல் ஆகிவிடும் என்று கூட்டத்தையும் அறிக்கையையும் சில மாதம் தள்ளிவைத்தார். நம் பக்கம் ஜெபக்குறிப்பு என்று ஆரம்பிக்கும் வாட்ஸ்அப் செய்தியின் கடைசி வரியில் ஜிபே எண் இருக்கிறது. அதை அனுப்புகிறவர்கள் எல்லாரும் தப்பானவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஜெபம் யாரைப் பார்த்து ஏறெடுக்கப்படுகிறது என்பது எனக்குக் கொஞ்சம் குழப்பம்தான்.

இன்னொரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், சிரிப்பும் வரும். பிரிஸ்டலில் வில்சன் தெருவில் முதல் இல்லம் திறப்பதற்கு முன், 1836 பிப்ரவரியில், பிள்ளைகளைச் சேர்க்க மனு வாங்க ஒரு நாள் குறித்தார். வீட்டுக்கு ஜெபித்திருந்தார். பணத்துக்கு, வேலைக்காரருக்கு, சாமான்களுக்கு, எல்லாவற்றுக்கும் ஜெபித்திருந்தார். எல்லாம் வந்திருந்தது. அன்றைக்குப் போய் உட்கார்ந்தால் ஒரு மனுகூட வரவில்லை! அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிள்ளைகளைத் தாரும் என்று மட்டும் அவர் ஜெபிக்கவில்லை. ஊர் முழுக்க அனாதைகள் இருக்கும்போது அதற்கு என்ன ஜெபம், அவர்கள் தானாக வருவார்கள் என்று இருந்துவிட்டார். அன்று சாயங்காலம் அதற்காக முழங்காலில் நின்றார். மறுநாள் முதல் மனு வந்தது.

இந்த இடம் எனக்கு முக்கியம். பயப்படுகிற விஷயத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், தானாக ஜெபித்துவிடுவோம். ஸ்கேன் ரிப்போர்ட் வருமுன் ஜெபிக்காதவர் உண்டா? இது எனக்குத் தெரியும், இது எப்படியும் நடந்துவிடும் என்கிற இடத்தில்தான் நாம் நம்மேலேயே சாய்ந்துகொண்டிருக்கிறோம். "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்று நீதிமொழிகள் 3இல் இருப்பதை முட்டாள்களுக்கு எழுதியது என்று நினைக்காதீர்கள். புத்தி இருப்பவர்தானே அதன்மேல் சாயமுடியும்? யாக்கோபைப் பாருங்கள். அண்ணனிடமும் அப்பாவிடமும் லாபானிடமும் சாமர்த்தியத்தாலேயே பிழைத்தவர். யாப்போக்கு ஆற்றங்கரையில் தொடைச்சந்து சுளுக்கி நொண்டிக்கொண்டு போனார். சரி, அது தனி வீடியோ, இங்கே விரித்தால் முடியாது.

அப்படியானால் புத்தியைப் பயன்படுத்தவே கூடாதா? இதற்கு ஒரு பாய்லர் கதை இருக்கிறது.

1857 நவம்பர் கடைசி. பிரிஸ்டலில் ஆஷ்லி டவுன் மேட்டில் கட்டிய முதல் பெரிய இல்லத்தில் 300 பிள்ளைகள். குளிர்காலம் தொடங்கிவிட்டது. கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் ஒழுகுகிறது. அதைச் சுற்றிச் செங்கல் வைத்துக் கட்டியிருந்ததால் ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது என்று பார்க்கமுடியாது. செங்கலை இடிக்க வேண்டும், நெருப்பை அணைக்க வேண்டும், எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. பிள்ளைகள் குளிரில் விறைத்துப்போவார்கள். வேறு வழிகளையும் யோசித்தார், எதுவும் சரிப்படவில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை என்று நாள் குறித்து, ஆட்களுக்குச் சொல்லிவிட்டார். நாள் குறித்த பிறகு வடகாற்று கடுங்குளிராக வீசத் தொடங்கியது. வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது.

அவர் இரண்டு காரியத்துக்கு ஜெபித்தார். வடகாற்றைத் தென்காற்றாக மாற்றும். வேலை செய்கிறவர்களுக்கு, நெகேமியா காலத்தில் எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டிய ஜனங்களுக்கு இருந்ததுபோல், வேலை செய்ய மனதைத் தாரும். செவ்வாய் சாயங்காலம் வரை வடகாற்றுதான். புதன்கிழமை தென்காற்று வீசியது, நெருப்பே தேவைப்படாத அளவுக்கு இதம். செங்கலை இடித்தார்கள், ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ராத்திரி பாய்லர் கம்பெனியின் பொறுப்பாளர் வந்து, ஆட்கள் இன்று வெகுநேரம் இருந்துவிட்டு நாளைக்குச் சீக்கிரம் வருவார்கள் என்று முல்லரிடம் சொன்னார். அங்கே இருந்த தொழிலாளிகளில் மூத்தவர், நாங்கள் ராத்திரி முழுக்கவே செய்துவிடுகிறோம் ஐயா என்றார். சுமார் முப்பது மணி நேரத்தில் பாய்லரில் மறுபடியும் நெருப்பு.

இதில் நன்றாகக் கவனியுங்கள். ஜெபித்தால் ஓட்டை தானாக அடைபடும் என்று அவர் உட்காரவில்லை. ஆளைக் கூப்பிட்டார், நாள் குறித்தார், செங்கலை இடிக்கச் சொன்னார். அரைக் காசு விடாமல் கணக்கு எழுதின மனிதர் அவர். காற்றும் அடுத்தவர் மனதும் அவர் கையில் இல்லை, அவற்றைக் கையில் எடுக்கவும் பார்க்கவில்லை. அதிலும் அந்த ஆட்கள் விஷயம்தான் எனக்கு ஆச்சரியம். கூலியை இரட்டிப்பாக்குகிறேன் என்று சொல்லலாம், பிள்ளைகள் பாவம் என்று கண்ணீர் விடலாம். பழைய முல்லருக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு உறவு இருக்கிறது. முல்லரின் மனைவி மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், எக்ஸிட்டர் நகரத்தில் நல்ல வருமானம் உள்ள பல் வைத்தியர். அதை விட்டுவிட்டு பாக்தாத் போய், 1833இல் இந்தியாவுக்கு வந்தார். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த நம் திருநெல்வேலிக்காரர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் குரோவ்ஸைச் சந்தித்தார். மிஷன் சம்பளம் இல்லாமலே ஊழியம் செய்து, கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு கிராமத்தை உண்டாக்கினார், இப்போது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. விவசாயமும் நடந்தது, ஊழியமும் நடந்தது. அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

சரி, என் விஷயம். எனக்குக் கைவந்த கலை ஆள் பிடிப்பது. எந்த ஆபீஸ் என்றாலும் எனக்குத் தெரிந்த ஒருவர் இருப்பார், இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்த ஒருவர் இருப்பார். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதற்குத்தான் என்னைத் தேடி வருவார்கள். இப்போது மகள் காலேஜ் அட்மிஷன். விண்ணப்பம் போட்டாயிற்று, சான்றிதழ் எல்லாம் நகல் எடுத்தாயிற்று, கடன் படிவமும் வங்கியிலிருந்து வாங்கியாயிற்று. இதெல்லாம் செங்கல் இடிக்கிற வேலை, அதைச் செய்யத்தான் வேண்டும். ஒரு போன் மட்டும் போடவில்லை. சும்மா ஒரு வார்த்தை சொல்லிவை என்கிறார் என் வீட்டுக்காரர். அந்த ஒரு வார்த்தைதான் என்னால் கர்த்தரிடம் விடமுடியாத இடம் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சீட்டு கிடைக்காவிட்டால் என்ன என்கிறீர்களா? கிடைக்காமலும் போகலாம். முல்லர் கேட்டதெல்லாம் கிடைத்தது என்று சொல்கிறவர்கள் அவர் வாழ்க்கையைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். அவருடைய ஒரே மகனாகப் பிறந்த எலியா, ஒன்றேகால் வயதில் 1835இல் இறந்துபோனான். 1870 பிப்ரவரியில் மேரிக்கு வாதக்காய்ச்சல். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர். முல்லர் ஜெபித்தார், வைத்தியரும் பார்த்தார். மேரி இறந்துபோனார். அடக்கத்துக்குப் பிறகு, பிரசங்கத்தை முல்லரே செய்தார். எடுத்துக்கொண்ட வசனம் சங்கீதம் 119:68, "தேவரீர் நல்லவரும் நன்மை செய்கிறவருமாயிருக்கிறீர்." மேரியை எனக்குத் தந்ததில் நல்லவர், இத்தனை வருஷம் விட்டுவைத்ததில் நல்லவர், எடுத்துக்கொண்டதிலும் நல்லவர் என்று பேசினார்.

என்னால் இப்போது அப்படிப் பேசமுடியுமா என்று கேட்டால், மூன்றாவதைச் சொல்ல நா எழாது. முதல் இரண்டையும் சொல்லுவேன்.

கிரைண்டர் நின்றுவிட்டது, இனி நான் கத்த வேண்டியதில்லை. அட்மிஷன் முடிவு வந்ததும், எது ஆனாலும் சொல்கிறேன். பெல் பட்டனை அழுத்துங்கள் என்று கேட்க வாய் வருகிறது. முல்லரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அதைக் கேட்டால் நன்றாக இருக்காது.