குழந்தையைத் தினமும் குளிப்பாட்டுறதுல முதலிடம் எந்த அப்பாவுக்கு? அமெரிக்கா நம்ப மறுக்குற எண்கள்

[திரையில்: 70, 60, 45]

இந்த மூணு எண்ணையும் பார்த்து வெச்சுக்கோங்க. அமெரிக்காவுல அஞ்சு வயசுக்குள்ள இருக்குற பிள்ளையோட ஒரே வீட்ல வாழுற அப்பாக்கள்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. போன நாலு வாரத்துல பிள்ளையைக் குளிப்பாட்டுறது, டயபர் மாத்துறது, டிரெஸ் போட்டு விடுறது, இதையெல்லாம் தினமும் செஞ்சீங்களா? செஞ்சேன்னு சொன்னவங்க ஒரு இனத்துல 70 சதவீதம், இன்னொண்ணுல 60, மூணாவதுல 45.

வீடியோவை நிறுத்திட்டு, யார் அந்த 70-னு கமெண்ட்ல எழுதிட்டு வாங்க.

கறுப்பின அப்பாக்கள். 60 வெள்ளையர், 45 ஹிஸ்பானிக், அதாவது லத்தீன் அமெரிக்க வேர் உள்ள அப்பாக்கள்.

பள்ளிக்கூடம் போற வயசுப் பிள்ளைக்குத் தினமும் வீட்டுப்பாடத்துல உதவுறது? கறுப்பினத்தவர் 41, வெள்ளையர் 28, ஹிஸ்பானிக் 29. மறுபடி அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைக்கு வந்தா, தினமும் ஊட்டுறது, இல்ல கூட உட்கார்ந்து சாப்பிடுறது, அதே வரிசையில 78, 74, 64. இதுல 78-க்கும் 74-க்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்தை வெற்றின்னு கொண்டாட வேண்டாம், சர்வேயில அவ்வளவு ஏற்ற இறக்கம் சகஜம். ஆனா 41-க்கும் 28-க்கும் நடுவுல இருக்குறது சின்ன இடைவெளி இல்ல.

இதை வெளியிட்டது அமெரிக்க அரசோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., 2013 டிசம்பர்ல. 2006-ல இருந்து 2010 வரைக்கும் 15 முதல் 44 வயசு வரை உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பேட்டி கண்ட சர்வே அது. அதோட குறையையும் சொல்லிடுறேன். அப்பாக்களே தங்களைப் பத்திச் சொன்ன பதில்கள்தான் இதெல்லாம். சர்வே வீடு வீடா நடந்ததால ஜெயில்ல இருக்குறவங்க கணக்குல வரல. பிள்ளையை விட்டுத் தனியா இருக்குற அப்பாக்கள், எந்த இனமா இருந்தாலும், ரொம்பக் குறைவாத்தான் செய்யறாங்க. தனியா இருக்குறவங்க பங்கு கறுப்பினத்தவர்ல அதிகம்ங்கறதும் உண்மை. ஆனா பிள்ளையோட இருக்குறவங்கதான் அவங்கள்லயும் பெரும்பான்மை. சுமார் 25 லட்சம் பேர் பிள்ளையோட, 17 லட்சம் பேர் தனியா.

அப்போ 'கறுப்பின அப்பான்னா ஓடிப்போனவன்'ங்கற பேச்சு எங்க இருந்து வந்தது? ஒரு எண்ணைத் தப்பா படிச்சதுல இருந்து. கறுப்பினக் குழந்தைகள்ல ஏறக்குறைய 70 சதவீதம் கல்யாணம் ஆகாத தாய்மாருக்குப் பிறக்குது. இது உண்மையான எண். டி.வி. விவாதத்துல இதை எடுத்து "70 சதவீதம் பேருக்கு அப்பா இல்ல"ன்னு மாத்திடுறாங்க. பதிவுக் கல்யாணம் இல்லைங்கறது ஒண்ணு, வீட்ல அப்பா இல்லைங்கறது வேற. ஒரே வீட்ல சேர்ந்து வாழுறவங்களும், நாலு தெரு தள்ளி இருந்துக்கிட்டு தினமும் வந்து பிள்ளையை ஸ்கூல்ல விடுறவங்களும் அந்த 70-க்குள்ளதான் இருக்காங்க. அடுத்த தடவை யாராவது இந்த எண்ணைச் சொன்னா, "கல்யாணத்தை எண்ணுனீங்களா, அப்பாவை எண்ணுனீங்களா"ன்னு கேளுங்க.

வரலாறை வேகமா பார்த்துடலாம். 1965-ல தொழிலாளர் துறையில உதவிச் செயலரா இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் ஒரு அறிக்கை எழுதினார். வேலையின்மையைப் பத்தியும் அதுல நிறைய இருந்தது. ஆனா ஊர் வாயில நின்னது 'கறுப்பினக் குடும்பம் சிதையுது'ங்கற ஒத்தை வரிதான்.

அதே சமயத்துல அலபாமா மாநிலம் என்ன பண்ணிக்கிட்டு இருந்ததுன்னு தெரிஞ்சா கோபம் வரும். 1964-ல அங்க ஒரு விதி வந்தது. அரசு உதவித்தொகை வாங்குற தாயோட உறவு வெச்சிருக்குற ஒரு ஆண் வீட்டுக்கு வந்து போனாலே அவர் 'மாற்று அப்பா', குடும்பத்துக்கு உதவி கட். அவர் பிள்ளைகளுக்குச் சோறு போடுறாரா, போட முடியுமான்னு கேள்வியே இல்ல. செல்மா பக்கத்துல சில்வெஸ்டர் ஸ்மித்னு ஒரு விதவைத் தாய், நாலு பிள்ளைங்க. விடியக்காலை மூணரை மணியில இருந்து மத்தியானம் வரைக்கும் ஓட்டல்ல சமையலும் பரிமாறலும், வாரத்துக்கு 16-ல இருந்து 20 டாலர் சம்பளம். வார இறுதியில ஒருத்தர் வந்து போறார்னு உதவியை நிறுத்தினாங்க. அவருக்கோ சொந்த மனைவியும் ஒன்பது பிள்ளைங்களும் இருந்தாங்க. அந்த அம்மா கோர்ட்டுக்குப் போனாங்க. 1968-ல உச்ச நீதிமன்றம் ஒருமனதா அந்த விதியைத் தூக்கி எறிஞ்சது. அதுக்குள்ள மாநில உதவிப் பட்டியல்ல சுமார் 16,000 பிள்ளைங்க குறைஞ்சுட்டாங்க. ஆம்பள வாசல் மிதிச்சா அடுப்பு அணையும்னு சட்டம் போட்டுட்டு, ஆம்பளைங்க ஏன் வீட்ல இல்லைன்னு அறிக்கை எழுதின காலம் அது.

[திரையில்: 100 பெண்களுக்கு 83 ஆண்கள்]

இது 2015-ல நியூயார்க் டைம்ஸ் போட்ட கணக்கு. 25 முதல் 54 வயசுக்குள்ள, ஜெயிலுக்கு வெளிய இருக்குற 100 கறுப்பினப் பெண்களுக்கு 83 ஆண்கள்தான் இருக்காங்க. வெள்ளையர்ல இதே எண் 99. விடுபட்ட ஆண்கள் மொத்தம் 15 லட்சம் பேர். அதுல ஜெயில்ல இருக்குறவங்களை விட அகாலமா செத்துப்போனவங்க அதிகம், சுமார் 9 லட்சம். மாரடைப்பு, புற்றுநோய், துப்பாக்கிச் சூடு, விபத்து. காணாமப் போன அப்பான்னு திட்டுறோமே, அவர்ல நிறைய பேர் கல்லறையில இருக்கார்.

செத்தவருக்குப் பின்னால துக்கப்படுறவங்களையும் எண்ணணும். 2017-ல சமூகவியலாளர் டெப்ரா அம்பர்சன் குழு வெளியிட்ட ஆய்வுல, 30 வயசுக்குள்ள குடும்பத்துல ரெண்டு சாவோ அதுக்கு மேலயோ பார்க்குற வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு வெள்ளையரை விட ரெண்டு மடங்கு. ஒரு துக்கம் ஆறுறதுக்குள்ள அடுத்தது. படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளை, எல்லாம் அமையுற வயசும் அதுதான்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சிக்கு வரேன். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி, நம்ம தமிழ்நாட்டுல வேர் உள்ள குடும்பம், இப்போ ஹார்வர்ட்ல பேராசிரியர். 2018-ல அவரும் நேத்தன் ஹெண்ட்ரன், மேகி ஜோன்ஸ், சோன்யா போர்ட்டரும் சேர்ந்து, ரெண்டு கோடி பேரோட வரி விவரத்தையும் மக்கள்தொகைக் கணக்கையும் இணைச்சுப் பார்த்தாங்க. பணக்கார ஐந்தில் ஒரு பங்கு குடும்பங்கள்ல வளர்ந்த பசங்களை எடுத்துக்குவோம். வெள்ளைப் பசங்கள்ல 39 சதவீதம் பெரியவனானதும் அதே உயரத்துல இருந்தாங்க, அடிமட்ட ஐந்தில் ஒரு பங்குக்கு விழுந்தவங்க 10 சதவீதம். கறுப்பினப் பசங்கள்ல நிலைச்சது 17, அடிமட்டத்துக்கு விழுந்தது 21. பெரிய வீட்டுப் பிள்ளையே இப்படின்னா, 'நல்லா படிச்சு முன்னேறு'ங்கற அறிவுரை பாதிக்கதைதான். இது பெண்களுக்கு அப்படி இல்ல. ஒரே வருமானக் குடும்பத்துல பிறந்த கறுப்பினப் பெண்ணும் வெள்ளைப் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே அளவு சம்பாதிக்கிறாங்க. அடி விழுறது ஆண் மேல.

வீட்ல ரெண்டு பெற்றோரும் இருந்தா சரியாயிடுமா? இல்ல, இடைவெளி அப்படியேதான் இருந்தது. ஒரே பகுதியில, ஒரே வருமானத்துல வளர்ந்தா? நாட்டுல 99 சதவீதப் பகுதிகள்ல கறுப்பினப் பையன் பின்தங்கித்தான் இருந்தான். சரி, எங்கதான் இடைவெளி குறையுது? வறுமை கம்மியான பகுதிகள்ல, ரெண்டு விஷயம் சேர்ந்த இடத்துல. ஒண்ணு, அங்க இருக்குற வெள்ளையர் மத்தியில இனவெறுப்பு கம்மி. இன்னொண்ணு, அந்தப் பகுதியில பிள்ளைகளோட வாழுற கறுப்பின அப்பாக்கள் அதிகம்.

இங்கதான் நிமிர்ந்து உட்காரணும். பலன் கிடைக்கணும்னா பையனோட சொந்த அப்பா வீட்ல இருக்கணும்னு அவசியம் இல்ல! எதிர்வீட்டு அப்பா, கடைசி வீட்டு அப்பா, பார்க்ல பந்து போடக் கத்துக்கொடுக்குற யாரோ ஒரு பையனோட அப்பா, இவங்க எண்ணிக்கை கூடக்கூட, அப்பா இல்லாத வீட்டுப் பையனும் மேல வர்றான். அதே தெருவுல இருக்குற கறுப்பினப் பெண் பிள்ளைகளுக்கோ வெள்ளைப் பசங்களுக்கோ இந்த விளைவு தெரியல. அதனால 'நல்ல ஏரியா, எல்லாரும் நல்லா வருவாங்க'ன்னு தள்ளிட முடியாது. காரணம் நிரூபணம் ஆகல, சேர்ந்து வருதுன்னு மட்டும்தான் தெரியும். ஆனா எனக்கு இது நியாயமாப் படுது. தன்னை மாதிரி இருக்குற ஒரு மனுஷன் காலையில வேலைக்குக் கிளம்புறதையும் சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நடக்குறதையும் தினமும் பார்க்குற பையனுக்கு, தான் யார்ங்கறதுக்கு ஒரு பதில் கண் முன்னால இருக்கு. வறுமை 10 சதவீதத்துக்குக் கீழயும், பாதிக்கு மேல அப்பாக்கள் கூடவேயும் இருக்குற பகுதியில வளருற கறுப்பினப் பிள்ளைங்க 5 சதவீதம்கூட இல்ல. வெள்ளைப் பிள்ளைங்க 63 சதவீதம்.

அந்தத் தெருவுல இருந்து அப்பாவை வெளிய தள்ளுற இயந்திரம் ஒண்ணு இருக்கு. பேரு சைல்ட் சப்போர்ட், அதாவது பிரிஞ்சு இருக்குற அப்பா பிள்ளைக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை. பிள்ளைக்கு அப்பா பணம் தரணும், அதுல மறுபேச்சு இல்ல. ஏழை அப்பாகிட்ட இது எப்படி வேலை செய்யுதுங்கறதைத்தான் படிப்படியா பார்க்கணும்.

அம்மா அரசோட பண உதவி கேட்டு விண்ணப்பிக்கிறாங்க. அப்போ சைல்ட் சப்போர்ட் வாங்குற உரிமையை அரசுக்கு எழுதிக் கொடுத்தாகணும். அதனால அப்பா கட்டுற பணம் பிள்ளைக்குப் போகாம, கொடுத்த உதவியை ஈடுகட்ட அரசுக்கே போகுது. சில மாநிலங்கள் மாசம் 100, 200 டாலர் மட்டும் அம்மாவுக்கு விடும். கொலராடோ 2017-ல முழுசா விட ஆரம்பிச்சது. அப்பாகிட்ட கேட்டா "நான் கட்டுறேனே"ன்னு சொல்வார், அம்மாகிட்ட கேட்டா "எனக்கு ஒண்ணும் வரல"ன்னு சொல்வாங்க. ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. சண்டை மட்டும் வீட்டுக்குள்ள.

அடுத்தது தொகை. அப்பா கோர்ட்டுக்கு வரலைன்னா, இல்ல சம்பள ரசீது இல்லைன்னா, முழுநேர வேலையில குறைந்தபட்சக் கூலி வாங்குறதா வெச்சுக் கணக்குப் போடுறது வழக்கம். மத்திய அரசுக் கூலி மணிக்கு 7.25 டாலர், வாரம் 40 மணி, மாசம் சுமார் 1,257 டாலர். உண்மையில அவர் வாரத்துல ரெண்டு நாள் மூட்டை தூக்குறவரா இருக்கலாம். இல்லாத வருமானத்துல இருந்து பணம் கேட்குறாங்க.

கட்டாட்டி? சம்பளப் பிடித்தம், கையில வர்ற கூலியில 65 சதவீதம் வரைக்கும். டிரைவிங் லைசென்ஸ் முடக்கம், பஸ் இல்லாத ஊர்ல லைசென்ஸ் போனா வேலையும் போச்சு. பாக்கி 2,500 டாலரைத் தாண்டினா பாஸ்போர்ட் கிடைக்காது. கடைசியில கோர்ட் அவமதிப்புன்னு ஜெயில். அதுலயும் அரசு செலவுல வக்கீல் தானாக் கிடைக்காதுன்னு 2011-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 'கட்ட வசதி இருக்கா'ன்னு முறையா விசாரிக்கிற பாதுகாப்பாவது இருக்கணும்னு மட்டும் சொன்னாங்க.

ஜெயிலுக்குப் போனா மீட்டர் நிக்கும்னு நினைக்கிறீங்களா? மாசம் 300 டாலர் உத்தரவு, மூணு வருஷம் உள்ள இருந்தா 10,800 டாலர் பாக்கி. டெக்சஸ் மாதிரி 6 சதவீத வட்டி போடுற மாநிலத்துல, அந்தப் பாக்கிக்கு மட்டும் வருஷம் 648 டாலர். கந்துவட்டிக்காரன்கிட்ட மாட்டின மாதிரி, கட்டக் கட்ட அசல் அசையாது. ரொம்ப காலம் பல மாநிலங்கள் ஜெயில் வாசத்தை 'தானா வேலையை விட்டது'ன்னே எழுதிச்சு. 2016 டிசம்பர்லதான் மத்திய அரசு விதி போட்டு அதைத் தடுத்தது. 2007-ல ஒன்பது பெரிய மாநிலங்களை வெச்சு எடுத்த ஆய்வுல, பாக்கியில 70 சதவீதம் ஆண்டு வருமானம் 10,000 டாலர்கூட இல்லாதவங்க தலையில இருந்தது. வசூலாகவே முடியாத பணத்துக்காக ஆட்களைத் துரத்துறாங்க.

2015 ஏப்ரல் 4, தென் கரோலினா, நார்த் சார்ல்ஸ்டன். பிரேக் லைட் எரியலைன்னு போலீஸ் நிறுத்தின வால்டர் ஸ்காட், 50 வயசு, நாலு பிள்ளைங்களோட அப்பா, இறங்கி ஓடினார். முதுகுல சுட்டுட்டாங்க. சைல்ட் சப்போர்ட் பாக்கிக்காக அவர் மேல வாரன்ட் இருந்தது. முன்னாடியே அதுக்காக ஜெயிலுக்குப் போய், நல்ல வேலை ஒண்ணை இழந்தவர். சுட்ட போலீஸ்காரருக்கு 2017-ல 20 வருஷத் தண்டனை.

அமெரிக்காவுல இருக்குற, இந்தச் சிக்கல்ல மாட்டின யாரையாவது தெரிஞ்ச நேயர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதி. இனம் எதுவா இருந்தாலும் விதி இதேதான், தயவு செஞ்சு அனுப்பி விடுங்க. 1986-ல வந்த பிராட்லி திருத்தம்னு ஒரு சட்டம் இருக்கு. ஏற்கெனவே சேர்ந்த பாக்கியை எந்த நீதிபதியும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது, கோமாவுல இருந்தேன்னு சொன்னாலும். தொகையைக் குறைக்கச் சொல்லி மனு கொடுத்து, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன தேதியில இருந்துதான் குறைப்பு செல்லும். நிறைய பேர் "வேலை கிடைச்சதும் பேசிக்கலாம்"னு ஆறு மாசம் விட்டுடுறாங்க. அந்த ஆறு மாசமும் கல்லுல எழுதினதுதான். அதனால வேலை போன வாரமே, கைதான வாரமே மனு கொடுக்கணும். வக்கீல் இல்லாமலே கொடுக்கலாம், மாநில சைல்ட் சப்போர்ட் அலுவலகத்துலயே தொகையை மறுபரிசீலனை பண்ணச் சொல்லி எழுதிக் கேட்கலாம். 180 நாளுக்கு மேல சிறைன்னா, அது தெரிஞ்சதுல இருந்து 15 வேலைநாளுக்குள்ள இந்த உரிமையைப் பத்தி ரெண்டு பெற்றோருக்கும் அலுவலகம் தகவல் சொல்லியாகணும், ஆனா அந்தக் கடிதம் பழைய முகவரிக்குப் போயிடலாம். முகவரி மாறினா உடனே தெரிவிக்கணும். வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பள ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, சிறைச் சான்று, இதுல எது பொருந்துமோ அதை மனுவோட சேர்த்து வைங்க. கொடுத்த மனுவோட நகல்ல தேதி முத்திரை வாங்காம அந்த கவுன்ட்டரை விட்டு நகராதீங்க.