வெளியே வந்த பிள்ளைக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம்?

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு முருகன் கோயில் மண்டபத்தில், தைப்பூசக் கொடியேற்றத்தன்று பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசைப் பிள்ளைகள் பலருக்கு என் தமிழ் புரியாது என்று தெரியும். பக்கத்தில் ஆயா யாராவது இருந்தால் காதோடு சொல்லிவிடுங்கள். இன்றைய பேச்சே சிறைக்குப் போய் வந்த, அவர்கள் வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

சிறைக்குப் போனவர்களைக் கும்பிடுகிற சமூகம் நாம். ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபொன்டெய்ன் கல்லறையில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஒருவர் சுவாமி நாகப்பன். சிறையிலிருந்து வந்த சில நாளில், 1909 ஜூலை 6ஆம் தேதி, நிமோனியாவில் இறந்தார். வயது 18. இன்னொருவர் வள்ளியம்மை. தில்லையாடி என்று ஊரைச் சேர்த்துச் சொல்கிறோமே தவிர, அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். 1913 போராட்டத்தில் தாயோடு போய், கடுங்காவல் தண்டனை பெற்று, மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலில் விழுந்தவர். விடுதலையாகி வந்தும் தேறவில்லை. 1914 பிப்ரவரி 22இல் போய்ச் சேர்ந்தார். சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, இப்போது கைது செய்தாலும் போகத் தயார் என்றாராம் அந்தப் பெண்.

நாகப்பன் போனது இந்தியர்கள் கட்டாயமாகப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து. வள்ளியம்மை போனது ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்தவர்கள் மேல் விதித்த 3 பவுன் வரியையும், நம் கல்யாணங்கள் செல்லாது என்ற தீர்ப்பையும், இன்னும் பல அநியாயச் சட்டங்களையும் எதிர்த்து. இன்றைக்கு நம்மவர்கள் குடியிருக்கிற சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் இங்கே வெஸ்ட்வில் சிறைக்குப் போகிற பையன் எதற்குப் போகிறான்? சுகர்ஸ் என்கிற போதைப்பொடி வாங்கக் காசில்லாமல் அடுத்த தெரு ஆன்ட்டியின் கழுத்துச் சங்கிலியை அறுத்ததற்கு. இரண்டும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னால் வள்ளியம்மைக்கும் அவமானம், சங்கிலியைப் பறிகொடுத்தவருக்கும் அவமானம். ஆனால் பதினெட்டு வயதில் முதல் ராத்திரி இரும்புக் கதவு சாத்தப்படும்போது வயிற்றில் இறங்கும் பயம் இருக்கிறதே, அது யாராயிருந்தாலும் ஒன்றுதான். 26, 27, 28 என்று எண்ணைப் பேராக வைத்துக்கொண்ட கும்பல்கள் அந்தப் பயத்தை நம்பித்தான் பிழைக்கின்றன. வா, எங்களோடு சேர், உன்னை யாரும் தொடமாட்டார்கள் என்பார்கள். சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு நாம் அங்கே போய் நிற்பதற்கு முன்பே அவர்கள் போய் நிற்கிறார்கள்.

சிறை வழிபாட்டுக்குப் போகிறவன் என்ற முறையில் அங்கே நடப்பதைச் சொல்கிறேன். கற்பூரம் கொண்டுபோக முடியாது, தீப்பெட்டி முடியாது. விபூதிப் பொட்டலத்தைக் காவலர் பிரித்து, விரலில் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். வெள்ளைப் பொடி அல்லவா, அவர் வேலை அவருக்கு! உள்ளே ஆரஞ்சு நிறச் சீருடையில் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். தீபம் இல்லாமல்தான் பூசை. ஒரு பையன் ‘சரவணபவ’ என்பதை ஆங்கில எழுத்தில் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டு சொல்லுவான். வியர்வையில் பாதி அழிந்துவிடும். அழிந்த இடத்தில் நின்று என் வாயைப் பார்ப்பான். சில மாதம் போனது. கை வெறுமையாக வந்தான், கண்ணை மூடிச் சொன்னான். பிழையோடுதான் சொன்னான். நான் திருத்தவில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பாஸ்டர்கள் வாராவாரம் போகிறார்கள். மழையானாலும் போகிறார்கள், விடுதலையாகும் நாளில் வாசலில் காரோடு நிற்கிறார்கள். நம்மவர்கள் பலர் தீபாவளிக்கு பலகாரப் பொட்டலத்தோடு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறோம். அப்புறம் ‘எங்கள் பிள்ளை சர்ச்சுக்குப் போய்விட்டான்’ என்று புலம்புகிறோம். எனக்கு அந்தப் பாஸ்டர்கள் மேல் கோபமே இல்லை. வந்தவர் பக்கம்தானே பையன் போவான்?

அருணகிரியார் கதை உங்களுக்குத் தெரியும். வாழ்க்கையைப் பாழாக்கிக்கொண்டு, திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தார், முருகன் கையில் ஏந்திக்கொண்டான் என்பது ஐதீகம். நாம் எல்லோரும் ஏந்திய கையோடு கதையை நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ‘சரி, மன்னித்தேன், போ’ என்று முருகன் அனுப்பிவிடவில்லை. பாடு என்றான். ஆயுள் முழுக்கச் செய்து தீராத ஒரு வேலையைத் தலையில் கட்டினான். முன்பு என்னவாக இருந்தாய் என்று சான்றிதழ் கேட்கவில்லை.

நாம் கேட்கிறோம். இந்த நாட்டில் பத்து ஆண்டு கழிந்தால் குற்றப் பதிவை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஆனால் அது அபராதம், ஒத்திவைத்த தண்டனை போன்ற சிலவற்றுக்குத்தான். அபராதத்துக்கு இடமில்லாமல் நேராகச் சிறை என்று தீர்ப்பான பெரியவனுக்கு அந்த வழி இல்லை. ஜனாதிபதி மன்னிப்புக்குத்தான் காத்திருக்கவேண்டும். ‘பெரியவன்’ என்றால் சட்டக் கணக்கில் பதினெட்டு முடிந்தவன். பத்தொன்பது வயதில் செய்தது நாற்பது வயதிலும் வேலை விண்ணப்பத்தில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உள்ளங்கையில் எழுதிய அந்தப் பையன் விடுதலையாகி, பத்து நாள் விரதமிருந்து, மஞ்சள் வேட்டியில் ஒரு கோயிலுக்குக் காவடி எடுக்கப் போனான். எந்தக் கோயில் என்று வேண்டாம். காவடி எடுக்க யாரும் தடை சொல்லவில்லை. அன்னதான வரிசையில் சோறு பரிமாறக் கரண்டியை எடுத்தபோது ஒரு பெரியவர் அதை மெதுவாக வாங்கிக்கொண்டு, ‘நீ உட்கார்ந்து சாப்பிடு தம்பி’ என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இலையில் விழுந்த சாம்பாரை அவன் கலக்கவே இல்லை. நெஞ்சில் வேல் குத்தியபோது கலங்காத பையன் அங்கே கலங்கினான்.

உள்ளே அவனுக்கு வந்த நம்பிக்கை நிஜமா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். ‘ஜெயில் பக்தி, வெளியே வந்தால் போய்விடும்’ என்கிறார்கள். சிலருக்குப் போய்விடுகிறதுதான். மறுபடி உள்ளே வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கையில் கரண்டி இருக்கிறவனுக்கு நாளைக்கும் வர ஒரு காரணம் இருக்கிறது.

ஆகையால் கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம். இந்தப் பத்து நாளும் சமையல்கட்டில் காய் நறுக்கவும், அண்டா கழுவவும், பரிமாறவும் விடுதலையாகி வந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்டியல் சாவியைக் கொடுக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். சபையில் பேனல் பீட்டர் கடை, அதாவது கார் ஒடுக்கெடுக்கிற கடை, வைத்திருப்பவர்கள், பிளம்பர்கள், எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறீர்கள். கையாளாக ஒரு பையனை எடுத்துக்கொள்ள முடியுமென்றால், கூட்டம் முடிந்ததும் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன், வந்து பெயரைச் சொல்லுங்கள். வணக்கம்.